வெஸ்ட்மின்ஸ்டர் தெருவில் ஓட்டுக் கேட்ட டச்சஸ்: ஜார்ஜியானா விட்டுச்சென்றது என்ன?

தேன்மொழி

வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்தின் டெவன்ஷயர் டச்சஸ் (டியூக் என்ற பெரிய பிரபுவின் மனைவி) ஜார்ஜியானா பற்றி 2008-இல் வந்த படத்தைப் போன வாரம் என் மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். பத்தாம் வகுப்பு படிக்கிறாள். 17 வயதில் கல்யாணம், முகம்கொடுத்துப் பேசாத கணவர், அதே வீட்டில் அவருக்கு இன்னொரு பெண், கடைசியில் பிள்ளைகளுக்காக எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்ளும் மனைவி. படம் முடிந்ததும் மகள் ஒரு கேள்வி கேட்டாள்: "அம்மா, இவங்க அழுததைத்தான் காட்டினாங்க. இவங்க என்னதான் செஞ்சாங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. தேடிப் பார்த்தால் எங்கே போனாலும் மூன்று விஷயம்தான் வருகிறது. தலையில் மூன்றடி உயரத்துக்குக் கட்டிய கொண்டை, தீராத சூதாட்டக் கடன், ஓட்டுக்காக ஒரு கசாப்புக் கடைக்காரருக்கு முத்தம் கொடுத்த கதை. இவ்வளவுதானா ஒரு பெண்ணின் பொதுவாழ்க்கை? 1757-இல் பிறந்து 1806-இல் இறந்தவர், 48 வயதுதான் வாழ்ந்திருக்கிறார். இன்றும் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றால் ஏதோ காரணம் இருக்க வேண்டும். ஆங்கில வரலாறு படித்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

பரிதி

தேன்மொழி அக்கா, உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி. 1784-ஆம் வருடத்தில் நாற்பது நாள் நடந்த ஒரு தேர்தலைத் தெரிந்துகொண்டால் பாதி பதில் கிடைத்துவிடும்.

முதலில் ஒரு விளக்கம், இங்கே பலரும் குழம்புவார்கள் என்பதால். 'ஜார்ஜியன் காலம்' என்றால் ஜார்ஜியா நாட்டோடு சம்பந்தமில்லை. 1714 முதல் 1830 வரை பிரிட்டனை அடுத்தடுத்து ஆண்ட நான்கு ஜார்ஜ் மன்னர்களின் காலம். நம் கதை மூன்றாம் ஜார்ஜின் காலத்தில் நடக்கிறது.

லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதிக்கு இரண்டு இடங்கள். போட்டியிட்டவர்கள் மூன்று பேர்: கடற்படைத் தளபதி ஹூட் பிரபு, சர் செசில் ரே, அரசரின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தப் பார்த்த விக் கட்சியின் தலைவர் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ். முதல் இருவரும் அரசருக்கும் அப்போதைய பிரதமர் இளைய பிட்டுக்கும் வேண்டியவர்கள். அரசருக்கு ஃபாக்ஸைக் கண்டாலே ஆகாது. அந்தக் காலத்துப் பல தொகுதிகளில் ஒரு பிரபு கைகாட்டிய ஆள்தான் ஜெயிப்பார். வெஸ்ட்மின்ஸ்டர் அப்படி இல்லை. ஏழைகளுக்கான உள்ளூர் வரி கட்டும் குடும்பத்தலைவர் எல்லாருக்கும் அங்கே ஓட்டு. கசாப்புக் கடைக்காரர், செருப்புத் தைப்பவர், மெழுகுவத்தி விற்பவர் எல்லாரும் வாக்காளர்கள். ரகசிய ஓட்டும் கிடையாது. கோவென்ட் கார்டனில் போட்ட மேடையேறி, எல்லார் காதிலும் விழும்படி பெயரைச் சொல்ல வேண்டும். ஏப்ரல் 1 தொடங்கி மே 17 வரை, ஞாயிறுகள் நீங்கலாக, ஓட்டுப் பதிவு நடந்தது. தினமும் எண்ணிக்கை வெளியே வரும். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆரம்ப வாரங்களில் ஃபாக்ஸ் பின்தங்கிக் கிடந்தார். ஜார்ஜியானாவும் அவர் தங்கை ஹாரியட்டும் போர்ட்லண்ட் டச்சஸும் தெருவில் இறங்கியது அதற்காகத்தான். ஃபாக்ஸின் நிறமான நீலமும் வெளிர்மஞ்சளும் உடுத்தி, தொப்பியில் நரிவால் செருகிக்கொண்டு (ஃபாக்ஸ் என்றால் நரி அல்லவா), கடை கடையாக ஏறி இறங்கினார்கள். பொருள் வாங்கி, கேட்ட விலைக்கு மேலே கொடுத்தார்கள். வாக்காளர்களைத் தங்கள் வண்டியிலேயே ஏற்றிக் கோவென்ட் கார்டனுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். நடுவில் பத்திரிகைகளின் அவதூறு தாங்காமல் ஜார்ஜியானா தாயாரிடம் செயின்ட் ஆல்பன்ஸுக்குப் போய்விட்டார். ஓட்டு மறுபடி சரிய ஆரம்பித்ததும் கட்சிக்காரர்கள் கெஞ்சிக் கூப்பிட்டார்கள், திரும்பி வந்தார். என்னைப் பொறுத்தவரை அந்த வாரத்தில்தான் அவர் யார் என்பது தெரிகிறது. எதற்காக ஊர் முழுக்கத் தூற்றியதோ, அதே வேலையை மறுபடி செய்ய வந்தார்.

முடிவு: ஹூட் 6,694, ஃபாக்ஸ் 6,234, ரே 5,998. 236 ஓட்டில் ஃபாக்ஸுக்கு இரண்டாவது இடம். வெற்றி ஊர்வலத்தில் பெண்களின் தேசப்பற்றுக்குக் காணிக்கை என்ற பொருளில் ஒரு கொடியையும் தூக்கி வந்தார்கள்.

முத்தக் கதைக்கு வருகிறேன். எதிர்த்தரப்பிலும் பெண்கள் ஓட்டுக் கேட்டார்கள். ஹோபர்ட் சீமாட்டியும் சாலிஸ்பரி சீமாட்டியும் ஊருக்கே தெரிந்தவர்கள். ஆனால் ரோலண்ட்சன் முதலானவர்களின் கேலிச்சித்திரங்கள் ஜார்ஜியானாவைக் குறிவைத்து விழுந்தன. அச்சுக்கடைக் கண்ணாடியில் தினம் ஒன்று தொங்கும், மிக ஆபாசமானவையும் உண்டு. ஆண்கள் ஓட்டுக்குச் சாராயம் ஊற்றியதும் கூலியாட்களை விட்டு மண்டையை உடைத்ததும் வழக்கமான அரசியல் என்று கடந்து போனது. ஒரு பெண் கடைவாசலில் நின்று பேசியது மட்டும் ஒழுக்கக்கேடு ஆகிவிட்டது. 240 வருடம் கழித்தும் நாம் அந்தச் சித்திரக்காரர்களின் கண்ணால்தான் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நிலா

பரிதி சொன்னது அருமை. ஆனால் உடை விஷயத்தை அற்பம் என்று தள்ளிவிடாதீர்கள். நான் துணி வடிவமைப்பு படித்தவள், அதனால் சொல்கிறேன்.

1774-இல், தன் 17-ஆவது பிறந்தநாளையொட்டி, அவர் டெவன்ஷயர் டச்சஸ் ஆனார். கொஞ்ச நாளிலேயே லண்டன் பெண்கள் அவரைப் பார்த்துத்தான் உடுத்தினார்கள். நெருப்புக்கோழி இறகு வைத்தால் ஊரே வைத்தது. கெய்ன்ஸ்பரோ வரைந்த ஓவியத்தில் இருக்கும் அகலமான தொப்பிக்குக் கடைக்காரர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. உள்ளே வளையக் கூடு கட்டிய பாரமான பாவாடைகளை விட்டுவிட்டு, இடுப்பில் ஒரு நாடா மட்டும் கட்டிய வெள்ளை மஸ்லின் கவுனை இங்கிலாந்தில் பரப்பியவர்களில் அவர் முக்கியமானவர். பிரான்ஸ் அரசி மாரி அந்துவனெத் அனுப்பிய கவுன் அது. மஸ்லின் வந்ததோ வங்காளத்துத் தறியிலிருந்து, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில்.

நான் சொல்ல வருவது இதுதான். அவர் எதை உடுத்தினாலும் நாலு பேர் பார்ப்பார்கள், பத்திரிகை எழுதும். அந்தக் கவனத்தை எடுத்துக் கட்சிக்குக் கொடுத்தார். கட்சி நிறத்தை உடையாக உடுத்தி, அதை ஒரு நாகரிகம் ஆக்கினார். அதற்கு முன்னாலேயே, 1778-இல் பிரெஞ்சுப் படையெடுப்புப் பயத்தில் காக்ஸ்ஹீத் முகாமில் கணவரின் படை திரண்டிருந்தபோது, சிப்பாய் உடுப்பு மாதிரித் தைத்த குதிரைச் சவாரி உடையில் அவரும் தோழிகளும் போய் நின்றிருக்கிறார்கள். உடையால் பேசத் தெரிந்தவர். பேசும் வேறு வழிகள் அவருக்கு அடைபட்டிருந்தன என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆற்காட்டான்

நான் ராணிப்பேட்டைக்காரன். இந்தத் தேர்தலில் எங்கள் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு, அதை யாரும் சொல்லவில்லையே என்று எழுத வந்தேன்.

1784-இல் தேர்தல் ஏன் வந்தது? இந்தியாவால். 1783 கடைசியில் ஃபாக்ஸ் ஒரு இந்திய மசோதா கொண்டுவந்தார். கம்பெனியின் இந்திய ஆட்சியை லண்டனில் ஏழு ஆணையர்களின் கையில் ஒப்படைப்பது அதன் சாரம். பின்னால் இருந்து எழுதியவர் அதே கட்சி எம்.பி. எட்மண்ட் பர்க். மக்களவையில் பெரும்பான்மையோடு நிறைவேறியது. மூன்றாம் ஜார்ஜ், இதற்கு ஓட்டுப் போடும் பிரபு என் எதிரி என்று சொல்லி அனுப்பினார். டிசம்பர் 17 அன்று பிரபுக்கள் அவை மசோதாவைத் தோற்கடித்தது. மறுநாள் மந்திரிசபையே கலைக்கப்பட்டது. 24 வயது பிட் பிரதமர் ஆனார். கம்பெனிப் பணக்காரர்கள் பலர் அவர் பக்கம் சாய்ந்தார்கள்.

ஆற்காடு நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்துக் கொழுத்த ஆங்கிலேயர்கள் சிலர் அந்தப் பணத்திலேயே நாடாளுமன்ற இடங்களைப் பிடித்தார்கள். பால் பென்ஃபீல்ட் அதில் பேர்போனவர். 1785 பிப்ரவரியில் ஆற்காட்டு நவாப் கடன்கள் பற்றி பர்க் பேசிய பேச்சில் அவரைப் பெயர்சொல்லிக் கிழித்திருக்கிறார். நவாப் ஆண்ட கர்நாடகப் பகுதியின் (இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல) விவசாயி கொடுத்த வரி, நவாப் கைக்குப் போய், வட்டியாக மாறி, இங்கிலாந்தில் எம்.பி. பதவியாக முளைத்தது.

ஃபாக்ஸின் மசோதா நம் மக்களைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. இந்திய நியமனங்களைத் தன் ஆட்களுக்குக் கொடுக்கும் ஆசையும் அதில் இருந்தது என்று அப்போதே குற்றம்சாட்டினார்கள். ஆனாலும் ஜார்ஜியானா கடைவாசலில் நின்ற அந்த நாற்பது நாளில் தீர்மானமானவற்றில் நம் கதையும் ஒன்று. முத்தத்தை மட்டும் நினைவில் வைத்திருப்பது அதனால்தான் எனக்கு வலிக்கிறது.

சுரபி

எல்லாரும் மன்னிக்க வேண்டும், எனக்கு உடன்பாடில்லை.

பரிதி சார், கேட்ட விலைக்கு மேலே கொடுத்துப் பொருள் வாங்கினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நம் ஊரில் என்ன பெயர்? ஓட்டுக்குப் பணம். ஒரு பெண் செய்தால் அது வீரமாகிவிடுமா? அப்புறம், அவர் என்றைக்காவது பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டாரா? இல்லை. தன் வீட்டு ஆண்களின் நண்பருக்காகத் தெருவுக்கு வந்தார், அவ்வளவுதான். மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் 1792-இல் பெண்களின் உரிமையைப் பற்றிப் புத்தகமே எழுதினார். அவரும் இதே லண்டன்தான். அவருக்குப் பிக்கடிலியில் அரண்மனை இல்லை.

சூதாட்டத்தையும் நீங்கள் யாரும் தொடவில்லை. இரவு முழுக்க ஃபேரோ என்ற சீட்டாட்டம். கணவருக்குத் தெரியாமல் வங்கிக்காரர் தாமஸ் கவுட்ஸிடமும் இன்னும் பலரிடமும் கடன். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். கேட்டால் பாதித் தொகையைத்தான் ஒத்துக்கொள்வார், மீதியை மறைப்பார். கவுட்ஸ் சும்மா கொடுக்கவில்லை, தன் மகள்களைப் பெரிய இடத்தில் அறிமுகப்படுத்துவார் என்ற கணக்கில் கொடுத்தார். அந்தப் பணமெல்லாம் யாருடைய உழைப்பு? அப்படி உழைத்து, வரலாற்றில் பெயர் வராத பெண்களைப் பற்றி யார் படம் எடுப்பார்கள்?

டர்பித்தமிழன்

சுரபி அக்காவின் கடைசிக் கேள்விக்கு என்னிடம் ஓரளவு பதில் இருக்கிறது. பதினோரு வருடமாக டர்பியில் இருக்கிறேன், டெவன்ஷயர் குடும்பத்தின் சாட்ஸ்வொர்த் மாளிகை இதே மாவட்டத்தில்தான்.

அவர்கள் பணத்தின் ஒரு பெரிய ஊற்று பக்கத்து ஸ்டாஃபோர்ட்ஷயரில் இருந்த எக்டன் செப்புச் சுரங்கம். ஐந்தாம் டியூக், அதாவது ஜார்ஜியானாவின் கணவர், காலத்தில்தான் அது உச்சத்தில் இருந்தது. ஆண்கள் கீழே இறங்கி வெட்டுவார்கள். மேலே வந்த தாதுக்கல்லைச் சுத்தியலால் உடைத்துத் தரம் பிரித்தது பெண்களும் பிள்ளைகளும். அந்த லாபத்தில்தான் பக்ஸ்டனில் பிறைநிலா வடிவக் கட்டடத்தை டியூக் 1780-களில் கட்டினார். பக்ஸ்டன் போகும்போதெல்லாம் அதைப் பார்க்கிறேன். கல் அழகு, மறுப்பதற்கில்லை. எக்டன் மலைப்பக்கம் நடந்தால் இப்போது புல்லும் செம்மறியாடும்தான்.

ஆனால் அக்கா, இதே கல் ஜார்ஜியானாவை வேறு ஒரு பக்கமும் இழுத்தது. பிற்காலத்தில் அவர் கனிமங்களை முறையாகப் படித்தார், சேகரித்தார். பேக்வெல்லைச் சேர்ந்த வைட் வாட்சன் என்ற கனிமவியலாளர் அந்தச் சேகரிப்புக்கு அட்டவணை போட்டார். அது இன்றும் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறது. வாயுக்களைச் சுவாசிக்கவைத்து நோயைக் குணப்படுத்த முடியுமா என்று பிரிஸ்டலில் தாமஸ் பெடோஸ் ஒரு ஆய்வு நிலையம் தொடங்க நினைத்தபோது, அதற்காக ஜார்ஜியானா ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் தலைவர் ஜோசப் பேங்க்ஸிடமே சிபாரிசு செய்தார். வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி சிரிப்பூட்டும் வாயுவை ஆராய்ந்தது அந்த நிலையத்தில்தான். இதில் ஒன்றாவது படத்தில் வந்ததா, தேன்மொழி அக்கா?

இன்னொன்று. கெய்ன்ஸ்பரோவின் அந்தத் தொப்பி ஓவியம் 1876-இல் 10,000 கினிக்கு (பழைய ஆங்கில நாணயம்) மேல் விலைபோனது. சில வாரத்திலேயே லண்டன் கேலரியிலிருந்து ஆடம் வொர்த் என்ற திருடன் அதைப் படச்சட்டத்திலிருந்து வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டான். 25 வருடம் தன்னிடமே வைத்திருந்தான். 1901-இல் பிங்கர்ட்டன் துப்பறிவாளர்கள் வழியாகத் திரும்பக் கிடைத்தது. 1994-இல்தான் சாட்ஸ்வொர்த்துக்கு வந்து சேர்ந்தது.

தேன்மொழி

இல்லை தம்பி, ஒன்றுகூட வரவில்லை. சுரபி கேட்டதும் எனக்குள் ஓடிக்கொண்டேதான் இருந்தது. தேர்தலுக்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்று பரிதி சொல்ல முடியுமா? 1784-க்கும் 1806-க்கும் நடுவே 22 வருடம் இருக்கிறதே.

பரிதி

சுரபி, ஓட்டுக்குப் பணம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். இரண்டு பக்கமும் செய்தார்கள், அதனால் அது சரியாகிவிடாது. ஓட்டுரிமை கேட்கவில்லை என்பதும் உண்மை. சூதாட்டம் ஒரு நோயாகவே அவரைப் பிடித்திருந்தது. அந்த நோய் அவரைச் சுற்றியிருந்தவர்களிடம் பொய் சொல்லவைத்தது. இதில் எதையும் மறைக்க எனக்கு விருப்பமில்லை.

தேன்மொழி அக்கா, அந்த 22 வருடம் இப்படி.

1784-க்குப் பிறகு அவர் அந்த அளவுக்குத் தெருவில் இறங்கவே இல்லை. கேலிச்சித்திரங்கள் வேலையைக் காட்டிவிட்டன. ஆனால் பிக்கடிலியில் இருந்த டெவன்ஷயர் மாளிகை விக் கட்சியின் தலைமையகம் மாதிரியே இருந்தது. யார் யாரோடு பேசுவதில்லை, யாரை எந்த விருந்தில் பக்கத்தில் உட்காரவைத்தால் கோபம் தணியும் என்பதெல்லாம் அவர் கணக்கு. 1788-இல் அரசருக்குப் புத்தி பேதலித்து, இளவரசரை ஆட்சிப்பொறுப்பாளர் ஆக்குவதா என்ற சிக்கல் வந்தபோது, ஜார்ஜியானா எழுதிய நாட்குறிப்பு வரலாற்றாசிரியர்களுக்கு இன்றும் ஒரு சாட்சியம்.

அப்புறம் சார்லஸ் கிரே. ஜார்ஜியானாவைவிட ஏழு வயது இளையவர், விக் கட்சியின் புதிய நட்சத்திரம். அந்த உறவில் ஜார்ஜியானா கருவுற்றார். டியூக்குக்கு, படத்தில் அதே வீட்டில் வரும் இன்னொரு பெண்ணான எலிசபெத் ஃபாஸ்டரிடம் பிறந்த இரண்டு பிள்ளைகள் ஏற்கெனவே இருந்தார்கள். டியூக் மனைவிக்கு வைத்த நிபந்தனை: கிரேயை விடு, இல்லையென்றால் உன் மூன்று பிள்ளைகளையும் இனிப் பார்க்க முடியாது. அவரை நாட்டைவிட்டே அனுப்பிவிட்டார்கள். 1792 பிப்ரவரியில் தெற்குப் பிரான்சில் எலைசா பிறந்தாள். கிரேயின் பெற்றோர் எடுத்து வளர்த்தார்கள். 1793 செப்டம்பர் வரை ஜார்ஜியானா ஊர் திரும்பவில்லை. திரும்பும் வழியில் ஆல்ப்ஸ் மலையில் செயின்ட் கோதார்ட் கணவாயைக் கடந்ததைத் தன் பிள்ளைகளுக்கு ஒரு கவிதையாக எழுதினார். 1799-இல் அது பத்திரிகையில் வந்தபோது கவிஞர் கோல்ரிட்ஜ் அவரைப் பாராட்டி ஒரு பாடலே எழுதினார்.

1796-இல் கடுமையான கண்நோய். சிகிச்சையே சித்திரவதையாக இருந்தது. ஒரு கண்ணில் பார்வை போனது, முகத்தில் தழும்பு விழுந்தது. யாரை அழகுக்காக மட்டும் பேசினார்களோ அவருக்கு அழகு போய்விட்டது. எனக்கு மிகவும் பிடித்த ஜார்ஜியானா இதற்குப் பிறகு வருபவர்தான். 1800-களின் தொடக்கத்தில் சிதறிக்கிடந்த விக் கட்சியை ஒட்டவைத்து, ஃபாக்ஸையும் முன்பு பிட்டோடு இருந்த கிரென்வில் பிரபுவையும் ஒரே அணியில் சேர்க்கப் பாடுபட்டவர்களில் அவர் ஒருவர். 1806 பிப்ரவரியில் அந்த அணி ஆட்சிக்கு வந்தது, ஃபாக்ஸ் வெளியுறவு அமைச்சர் ஆனார். மார்ச் 30 அன்று ஜார்ஜியானா இறந்தார். செப்டம்பரில் ஃபாக்ஸும் போய்விட்டார். அவர்கள் கொண்டுவந்த அரசு 1807-இல் அடிமை வணிகத்தைச் சட்டப்படி ஒழித்தது.

கடைசியாக ஒன்று, சுரபிக்காகவே தேடி எடுத்தது. ஓட்டுரிமையை விரிவாக்கிய 1832 சீர்திருத்தச் சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமர் யார்? அதே சார்லஸ் கிரே. அதை மக்களவையில் முன்னின்று நடத்திக் கரைசேர்த்தவர்களில் ஒருவர் ஆல்தார்ப் பிரபு, ஜார்ஜியானாவின் தம்பி மகன். அந்தச் சட்டத்தில்தான் வாக்காளர் 'ஆண்' ஆக இருக்க வேண்டும் என்று முதல்முறையாக எழுத்தில் வந்தது. அதுவரை வழக்கமாக இருந்த தடை, சட்டமே ஆனது. ஒரு பெண்ணின் வரவேற்பறையில் அரசியல் பழகிய மனிதர்கள் செய்த காரியம் இது. இதை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சுரபி

இது எனக்குத் தெரியாது, பரிதி சார். நன்றி.

என் கருத்து முழுக்க மாறவில்லை. எக்டனில் கல் உடைத்த பெண்ணின் பெயர் எங்கேயும் இருக்காது, ஜார்ஜியானாவின் பெயர் இருக்கும். அந்த வருத்தம் எனக்குப் போகாது. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். உரிமை கேட்கவில்லை என்று நான் குற்றம் சொன்னேன். அவ்வளவு பணமும் பட்டமும் இருந்த பெண்ணையே பிள்ளைகளைக் காட்டி மிரட்டி ஊரைவிட்டு அனுப்ப முடிந்தது என்றால், சட்டத்தின் முன் அவரிடம் என்ன இருந்தது? பிள்ளைகள் மேல் முழு உரிமையும் தகப்பனுக்கே. கல் உடைத்தவளுக்கும் டச்சஸுக்கும் அந்த ஒரு இடத்தில் நிலைமை ஒன்றுதான். அதை நான் யோசிக்கவில்லை.

ஆற்காட்டான்

சுரபி அம்மா, இதைத் தனி இழையாகவே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

தேன்மொழி

எல்லாருக்கும் நன்றி. மகளை உட்காரவைத்து முழுவதும் வாசித்துக் காட்டினேன். நோட்டில் 236 என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறாள், அதன் கீழே எலைசா என்று. அந்தப் பெண்ணுக்குத் தன் அம்மா யார் என்று தெரியுமா என்று கேட்கிறாள். டர்பித்தம்பி, ஜார்ஜியானாவின் கல்லறை உங்கள் ஊரில்தானே? போய்ப் பார்க்க முடியுமா?

டர்பித்தமிழன்

ஆமாம் அக்கா, டர்பி கதீட்ரலில். அப்போது அது ஆல் செயின்ட்ஸ் தேவாலயம். தரைக்கு அடியில் இருக்கும் குடும்ப நிலவறையில் வைத்திருக்கிறார்கள். மேலே கண்ணில் படுவது அந்தக் குடும்பத்தின் மூதாய் பெஸ் ஆஃப் ஹார்ட்விக்கின் பெரிய நினைவுச்சின்னம்தான்.

எலைசா விஷயம்: கிரேயின் பெற்றோர் வீடு இருந்த ஃபாலடனில் அவருடைய தங்கை மாதிரி வளர்ந்தாள். ஜார்ஜியானா அவ்வப்போது போய்ப் பார்ப்பார், கடிதமும் பரிசும் அனுப்புவார். ஆனால் அம்மா என்று சொல்லிக்கொள்ள முடியாது. அவர் இறந்தபோது எலைசாவுக்கு வயது 14. இந்த ஞாயிறு கதீட்ரலுக்குப் போகிறேன், உங்கள் மகளுக்காகப் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன்.